மலாயாவில் பாம்பு கண்டோர் வரலாறு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் பழமொழி. படை நடுங்கிய கதையை நான் அறியேன்; பள்ளிக்கூடம் நடுங்கிய கதையை அறிவேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை, எங்கள் பள்ளியின் பின்புறத்துக் கால்வாய் ஓரம் பாம்பு கிடப்பதாகக் கூக்குரல் எழுந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் பெரிய மாணவர் நால்வர் அதை அடித்துப் போட்டிருந்தனர். தலை நசுங்கிக் கிடந்த அது ஒரு சாரைப் பாம்பு. "நஞ்சு உள்ளதா, ஐயா?" என்றான் ஒருவன். இல்லை என்றேன். "எலியைத்தானே தின்னும்? அப்படியென்றால் அதை ஏன் அடித்தோம்?" என்று ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். முப்பது ஆண்டுக் காலம் ஆசிரியத் தொழிலில் இருந்த எனக்கு அன்று விடை கிடைக்கவில்லை.

இந்நாட்டுப் பாம்புகளையும் பல்லி இனங்களையும் அடிக்காமல் நின்று பார்த்தவர் யார், பார்த்ததை எழுதி வைத்தவர் யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. முதலில் வந்த அறிஞர்களும் எங்கள் மாணவர்களைப் போலத்தான் செய்தார்கள். அடித்த பிறகே பார்த்தார்கள். ஒரே வேறுபாடு, அவர்கள் அதைச் சாராயப் புட்டியில் போட்டு வைத்தார்கள்.

மலாயாவின் கதையைச் சொல்லுமுன் சோழமண்டலக் கரையைச் சற்றுத் தொட்டுச் செல்ல வேண்டும். நம் முன்னோர் கப்பலேறிய கரை அது. கிழக்கிந்தியக் கும்பினி 1785 இல் பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரைச் சென்னை மாகாணத்தின் இயற்கை நூலாராக நியமித்தது. விசாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு அவர் பாம்புகளைச் சேர்த்தார். எது நஞ்சுடையது, எது நஞ்சற்றது என்பதை மக்களுக்கு ஐயமின்றி உணர்த்த வேண்டும் என்பதே அவர் நோக்கம். நாய்களையும் கோழிகளையும் கடிக்கவிட்டுச் சோதனை செய்தார். அந்நாளில் பாம்புக் கடிக்குச் சஞ்சீவி போல் விற்கப்பட்ட தஞ்சாவூர் மாத்திரையையும் ஆராய்ந்தார். அதில் பாஷாணம் கலந்திருந்தது. அவருடைய பெருநூலின் முதற்பகுதி 1796 இல் வெளிவந்தது. கண்ணாடி விரியன் இன்று உலகெங்கும் ரஸ்ஸல் விரியன் என்று வழங்குவது அவர் நினைவாகத்தான்.

ரஸ்ஸலிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு பாம்புக்கும் ஊரார் வழங்கிய தெலுங்குப் பெயரையே அவர் எழுதி வைத்தார். கட்டுவிரியன் இனத்தைச் சேர்ந்த ஒன்றை அவர்கள் 'பங்காரு' என்றனர். தங்கம் என்பது பொருள். பின்னர் 1803 இல் டாடின் என்னும் பிரெஞ்சு நூலார் அச்சொல்லை எடுத்து லத்தீன் உடை உடுத்திப் 'புங்காரஸ்' என்று அந்த இனத்துக்கே பெயரிட்டுவிட்டார். நம் நாட்டு ரப்பர்க் காட்டில் இரவில் ஊரும் மஞ்சளும் கறுப்புமான கட்டுவிரியனுக்கும் அறிவியல் பெயர் அதுதான். அந்தச் சொல்லை ரஸ்ஸலுக்குச் சொன்னவன் பாம்பு பிடிப்பவனா, மீனவனா, உழவனா? அவன் சொல் நிலைத்தது, பெயர் நிலைக்கவில்லை. இவ்வரலாறு நெடுகிலும் இதே நிலையைக் காண்கிறோம்.

மலாக்காவில் 1803 முதல் 1818 வரை ஆட்சி நடத்திய வில்லியம் பார்குவார் இயற்கைப் பொருள்களில் பெருவிருப்பம் உடையவர். சீன ஓவியர்களை அமர்த்தி இத்தீபகற்பத்தின் செடி கொடிகளையும் விலங்குகளையும் வரையச் செய்தார். மொத்தம் 477 ஓவியங்கள். அவற்றில் பாம்பும் உண்டு, உடும்பும் உண்டு, பறக்கும் ஓணானும் உண்டு. படங்களில் மலாய்ப் பெயர்கள் குறிக்கப்பட்டுள்ளன. அவர் 1827 இல் இலண்டனிலிருந்த அரச ஆசியக் கழகத்துக்குக் கொடுத்த அந்த ஓவியங்கள் 1993 இல் ஏலத்துக்கு வந்தன. சிங்கப்பூர்ச் செல்வர் ஒருவர் வாங்கி அந்நாட்டு அருங்காட்சியகத்துக்கே அளித்துவிட்டார். படம் எழுதிய சீனர்களின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

பாம்புகளை முறையாகப் பட்டியலிட்ட முதல்வர் தியோடர் காண்டர். டென்மார்க்கு நாட்டினர், கும்பினியின் வங்காளப் பிரிவில் மருத்துவர். இராச நாகத்தை அறிவியல் உலகுக்கு 1836 இல் அறிமுகம் செய்தவர் இவரே. பின்னர்ப் பினாங்கிலும் செபராங் பிறை பக்கத்திலும் மலாக்காவிலும் சேர்த்தவற்றை வைத்து மலாயாத் தீபகற்பத்து ஊர்வனவற்றின் பட்டியலை 1847 இல் வெளியிட்டார். நல்ல உழைப்பு. ஆனால் பல்லைப் பிளந்தும் செதிலை எண்ணியும் எழுதிய உழைப்பு. பாம்பு எங்கே உறங்குகிறது, எப்போது வெளிவருகிறது, முட்டையை என்ன செய்கிறது என்பவையெல்லாம் புட்டிக்குள் தெரியா அல்லவா?

வாலஸ் பெருமகனார் கதை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1854 இல் சிங்கப்பூரில் இறங்கி எட்டாண்டுகள் இத்தீவுகளைச் சுற்றிய அவர், 1857 இறுதியில் அம்பொன் தீவை அடைந்து, ஓலை வேய்ந்த குடில் ஒன்றில் தங்கினார். ஓரிரவு படுக்கைக்கு நேர் மேலே கூரையில் சரசரப்புக் கேட்டது, பொருட்படுத்தாமல் உறங்கிவிட்டார். மறுநாள் மேலே பார்த்தபோது மஞ்சளும் கறுப்புமாக ஏதோ ஒன்று தெரிந்தது. ஆமை ஓட்டை யாரோ அங்கே செருகி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணினார். உற்று நோக்கிய பிறகே அது சுருண்டு கிடந்த மலைப்பாம்பு என்று புரிந்தது. உதவிக்கு வந்தவர்கள் கலைந்து ஓட, புரு தீவைச் சேர்ந்த ஒருவன் மட்டும் பிரம்பால் சுருக்குப் போட்டு அதை வெளியே இழுத்தான். பன்னிரண்டு அடி நீளம். உலகம் போற்றிய இயற்கை நூலார் பாம்பின் கீழேயே உறங்கினார். எழுதப் படிக்க அறியாத ஒருவன் அதன் இயல்பு அறிந்து கையாண்டான். இந்நிகழ்ச்சியைத் தம் நூலில் ஒளிவு மறைவின்றி எழுதிய வாலஸின் நேர்மையை நான் பாராட்டுகிறேன். ஆயினும் அந்தப் புரு தீவினன் பெயரை அவரும் எழுதவில்லை.

உயிரோடு ஊர்வதைப் பார்க்கும் காலம் ரிட்லியிடம் தொடங்குகிறது எனலாம். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 1888 இல் தலைவராக வந்த எச். என். ரிட்லியை நம்மில் அறியாதார் யார்? ரப்பர் மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டு, தோட்டக்காரர்களிடம் ஓயாமல் ரப்பரைப் பற்றிப் பேசி, 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கியவர். நம் தாத்தாமார் இந்நாட்டுக்கு வந்ததற்கு அவரும் ஒரு காரணர். அதே ரிட்லி மலாயா ஊர்வனவற்றின் பழக்க வழக்கங்களைப் பற்றி 1899 இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார் என்பதைப் பலர் அறியார். செதில் எண்ணும் கட்டுரை அன்று அது. பழக்கங்களைச் சொல்லும் கட்டுரை. தோட்டத்தில் அன்றாடம் நடமாடியவர் ஆதலால் அது இயன்றது. இதற்கு மாறாக, பூலஞ்சர் 1912 இல் வெளியிட்ட மலாயா ஊர்வன நூல் இலண்டன் காட்சியகத்துப் புட்டிகளைக் கொண்டே எழுதப்பட்டது. வகைப்பாட்டுக்கு அது பல்லாண்டுகள் அடிப்படையாக இருந்தது உண்மையே.

போருக்குப் பின் சிங்கப்பூர் ராபிள்ஸ் காட்சியகத்தின் தலைவராக இருந்த டுவீடி, 'மலாயாவின் பாம்புகள்' என்னும் நூலை 1953 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சாதாரண மனிதர் கையில் வைத்துக்கொண்டு இது இன்ன பாம்பு என்று கண்டுகொள்ளத்தக்க முதல் நூல் என்று அதைச் சொல்லலாம். மூன்றாம் பதிப்பு 1983 இல் வந்தது. என்னிடம் உள்ளது அப்பதிப்பே, அட்டை போய்விட்டது.

இனி நம்மவர் வாழ்க்கையோடு நேரே தொடர்புடைய ஒருவரிடம் வருகிறேன். டாக்டர் அலிஸ்டர் ரீட் 1952 முதல் 1964 வரை பினாங்குப் பொது மருத்துவமனையில் பணிபுரிந்தார். மீனவரைக் கடற்பாம்பு கடித்தால் என்ன ஆகிறது என்பதை அவர் படுக்கை அருகே இருந்து கவனித்தார். விலங்குகளிடம் செய்த சோதனையைக் கொண்டு அந்நஞ்சு நரம்பைத் தாக்குவது என்று நூல்கள் சொல்லிவந்தன. மனிதரிடத்தில் அது தசையையே அழிக்கிறது என்று ரீட் காட்டினார். உடல் முழுதும் வலியெடுத்துச் சிறுநீர் கறுத்துவிடுவது அதனால்தான். பாம்பு, நஞ்சு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் 1961 இல் அவர் முயற்சியால் பினாங்கில் தோன்றியது.

வடமலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அவரிடம் வந்தவர்களைக் கடித்தது பெரும்பாலும் வேறொரு பாம்பு. மலாய்க்காரர் அதனை 'ஊலார் காப்பாக் போடோ' என்பர். காப்பாக் என்றால் கோடரி. போடோ என்றால் முட்டாள். மலாயாக் குழிவிரியன் என்று நாம் சொல்லலாம். கெடா, பெர்லிஸ், பினாங்குப் பகுதிகளில் மிகுதி. குட்டையான தடித்த உடல். செம்பழுப்பு நிறத்தின்மேல் இருபுறமும் கரு முக்கோணங்கள். உதிர்ந்த ரப்பர் இலைமேல் அது கிடந்தால் இலை எது பாம்பு எது என்று பிரித்தறிய இயலாது. காலடி ஓசை கேட்டால் மற்றப் பாம்புகள் விலகிப் போகும். இது போகாது. கடித்த பின்னும் பல சமயம் அதே இடத்தில் கிடக்கும். முட்டாள் என்ற பட்டம் இதனால்தான் வந்தது. எனக்கென்னவோ அது முட்டாள்தனமாகத் தோன்றவில்லை. நிறமே காக்கும்போது ஓடுவானேன்? முட்டையிட்ட பெண் பாம்பு ஏறக்குறைய ஆறு வாரம் அவற்றைச் சுற்றிக் கிடந்து காவல் காப்பதும் உண்டு.

பொழுது புலருமுன் நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நடக்கும் பால்வெட்டுத் தொழிலாளரின் பாதத்திலும் கணுக்காலிலும் அது கடித்தது. அவர்களுள் பலர் கடித்த பாம்பையும் அடித்துக் கையோடு கொண்டு வந்தனர். ஆதலால் எந்தப் பாம்பு என்பதில் மருத்துவருக்கு ஐயம் எழவில்லை. ரீட் கண்டவை மூன்று. கடிபட்டவருள் பெரும் பகுதியினர்க்கு நஞ்சு ஏறவேயில்லை, அல்லது சிறிதளவே ஏறியது. அச்சத்தால் மயங்கியவரே மிகுதி. நஞ்சு நன்றாக ஏறியவர்க்கு இரத்தம் உறையும் தன்மையை இழந்தது. இந்தியப் பாம்புகளுக்கென்று தயாரித்த மாற்று மருந்து இதற்குப் பொருந்தாது. இப்பாம்பின் நஞ்சைக் கொண்டே ஆக்கிய மருந்துதான் பயன் தரும். இன்று தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கம் ஆக்கும் மருந்தே நம் நாட்டு மருத்துவமனைகளில் இதற்குப் பயன்படுகிறது. இரத்தத்தை உறையவிடாத அந்நஞ்சிலிருந்து பிற்காலத்தில் இரத்தக் கட்டியைத் தடுக்கும் மருந்து ஒன்றையும் பிரித்தெடுத்தார்கள். தோட்டத்துக் காலில் ஏறிய நஞ்சு ஐரோப்பிய மருத்துவமனைகளில் மருந்தாயிற்று.

ரீட் தம் முடிவுகளை ஆங்கில மருத்துவ இதழ்களில் 1963 ஆம் ஆண்டளவில் வெளியிட்டுவிட்டார். நான் கெடாவில் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்த சிறுவன். ஏறக்குறைய 1979 இல் பக்கத்து வீட்டுச் சின்னம்மாவை வெட்டுக் காட்டில் பாம்பு கடித்தது. எங்கள் பெரியவர்கள் அதைக் கண்ணாடி விரியன் என்றார்கள். கண்ணாடி விரியன் இந்நாட்டில் கிடையாது. ஊரை விட்டு வந்த நாம் ஊர்ப் பாம்பின் பெயரையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்து, இங்குள்ள பாம்புக்குச் சூட்டிவிட்டோம். பெயரோடு ஊர் வைத்தியமும் வந்தது. மந்திரிப்பவர் ஒருவர் முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுகக் கட்டி, கடிவாயைக் கத்தியால் கீறி, வேப்பிலை அடித்தார். இரவெல்லாம் கீறிய இடத்திலிருந்து இரத்தம் நிற்கவில்லை. நிற்காது என்று இன்று எனக்குத் தெரியும். மறுநாள் நண்பகல் தோட்டத்து லாரியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது, கால் விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவர் பால்வெட்டப் போகவில்லை. லயத்து முன்றிலில் பிள்ளை பார்க்கும் வேலைதான்.

கட்டக் கூடாது, கீறக் கூடாது, காலை அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பவை அன்றே அச்சேறிவிட்ட செய்திகள். யாருடைய காலைப் பார்த்து அறிந்தார்களோ அவர்களுடைய லயத்துக்கு, அவர்களுடைய மொழியில், பதினாறு ஆண்டுகள் ஆகியும் அவை வந்து சேரவில்லை. ரீட் மீது எனக்குக் குறையில்லை. மருத்துவர் தம் கடமையைச் செய்தார். இடையில் இருந்த நாம், ஆசிரியர்களும் எழுதத் தெரிந்தவர்களும், என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி. கடற்பாம்பையும் விரியனையும் பற்றி ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கை எழுத எத்தனை நாள் ஆகும்?

சாரைக்கு நேர்ந்ததைக் கண்ட பிறகு எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் தொடங்கினேன். வாரத்தில் ஒரு நாள் பள்ளி முற்றத்திலும் வேலியோரத்திலும் ஊர்வனவற்றைப் பார்த்து எழுத வேண்டும். பாம்பென்றால் அதன் நீளத்தைப் போல் இருமடங்குக்கு அப்பால் நிற்க வேண்டும். கையால் எதையும் தொடக் கூடாது. கட்டையைப் புரட்டுவது நான் மட்டும், நீண்ட கோலால், புரட்டியதை முன்போலவே வைத்துவிட வேண்டும் என்பன விதிகள். நம்மவர் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "வாத்தியார் பிள்ளைகளுக்குப் பாம்பு வித்தை கற்பிக்கிறார்" என்று பேச்சு அடிபட்டது.

பார்ப்பதற்கும் காலம் இடம் உண்டு. விடியற்காலைக் குளிரில் ஊர்வன எதுவும் சுறுசுறுப்பாக இராது; எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் மரத்தில் விழும்போது காய வரும். அரணை வாசற்படியிலேயே காயும். அரணை கடித்தால் மரணம் என்று பாட்டிமார் சொல்வார்களே, அதற்கு நஞ்சே இல்லை என்பதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புகிறார்கள், பாட்டிமார் நம்புவதில்லை. மழைக்குப் பிந்திய மாலையில் தவளையைத் தேடிப் பாம்பு வரும். செம்பனைத் தோட்டத்தில் வெட்டிய மட்டைகளை அடுக்கிய குவியலுக்குள் எலி இருக்கும். எலியைத் தேடி நாகமும் மலைப்பாம்பும் அங்கே இருக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததால் தோட்டத்துப் பாம்பே மாறிவிட்டது என்று பழைய தொழிலாளர் சிலர் என்னிடம் சொன்னார்கள். இதை யாரும் அவர்களைக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

ஒரே நாளில் பார்ப்பது போதாது என்பதற்குப் பினாங்குப் பாம்புக் கோயிலே சான்று. பாயான் லெப்பாஸ் பக்கத்திலுள்ள அக்கோயிலில் கிடப்பவை வாக்ளர் குழிவிரியன்கள். கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட பெரியது ஒன்று. பச்சை உடலில் மெல்லிய கோடுகளுடன் சிறியது ஒன்று. இரண்டும் வேறு வேறு பாம்புகள் என்றே பார்ப்பவர் சொல்வர். பெரியது வளர்ந்த பெண், சிறியது ஆண்.

பாம்பைக் காட்டிலும் பிள்ளைகளுக்குப் பிடித்துப் போனது பறக்கும் ஓணான். லின்னேயஸ் 1758 இல் இந்த இனத்துக்குத் 'திராக்கோ', அதாவது பறவைநாகம் என்று பெயர் வைத்தார். ஆள் என்னவோ ஒரு சாண்தான். விலா எலும்புகள் நீண்டு இருபுறமும் தோலைக் குடை போல் விரிக்கும். மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கும். அசையாதிருந்தால் பட்டையோடு பட்டையாக ஒன்றிவிடும். ஆண் ஓணான் தொண்டைக்குக் கீழுள்ள மஞ்சள் தோலைக் கொடிபோல் நீட்டி மடக்கும்போதுதான் கண்ணில் படும். எறும்பே அதன் உணவு. எங்கள் பள்ளியின் எல்லையில் பழைய ரப்பர் மரங்கள் ஆறு எஞ்சியிருந்தன. அவற்றில் மூன்றில் அவை இருந்தன.

சாரையைப் பற்றிக் கேள்வி கேட்ட அதே சிறுமி, நாள்தோறும் காலை இடைவேளையில் அந்த மரத்தடிக்குப் போய் எழுதி வந்தாள். அவள் குறிப்பேடு இன்னும் என் மேசையில் இருக்கிறது. முதல் வாரமெல்லாம் "இன்று காணவில்லை" என்றே எழுதியிருக்கிறாள். பிறகு ஒன்றைக் கண்டாள். பிறகு அதன் மரத்தைக் கண்டுகொண்டாள். ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் மூச்சிரைக்க என் அறைக்கு ஓடி வந்தாள். போய்ப் பார்த்தேன். மரத்தை விட்டுப் பெரும்பாலும் இறங்காத பெண் ஓணான் தரைக்கு வந்து, ஈர மண்ணில் தலையாலேயே குத்திக் குத்திக் குழி பறித்துக்கொண்டிருந்தது. முட்டையிட்டு மண்ணை மூடித் தட்டிச் சரிசெய்யும் வரை நாங்கள் இருவரும் பேசாமல் நின்றோம். மணி அடித்து வகுப்பு தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. அது மறுநாள் காலையிலும் அங்கேயே இருந்து காத்தது, பின்னர் மரமேறிவிட்டது.

புல்வெட்டும் ஆள் வருவதற்குள் அந்த இடத்தைச் சுற்றி நான்கு குச்சிகளை நட்டு நூல் கட்டினாள். அன்றைய பக்கத்தில் நாள், மணி, மரத்தின் எண் எல்லாம் எழுதி, பார்த்தவர் என்ற இடத்தில் தன் பெயரைத் தமிழில் முழுமையாக எழுதியிருக்கிறாள்.